பிரதியைத் திருடியவன் எங்கே மாட்டுவான்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இது: எழுதிக்கொண்டிருக்கும் த்ரில்லரில், பதினைந்து வருடம் எழுதியும் எடுபடாத ஒருவர், ஒரு பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்து எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறார். தென்காசிப் பக்கத்து இளைஞன் அனுப்பிய நாவலை ‘வேண்டாம்’ என்று எழுதி நிராகரித்துவிடுகிறார். சில மாதம் கழித்து அந்தப் பையன் இறந்துபோன செய்தி வருகிறது. நாவல் இவர் பெயரில் வெளிவருகிறது, விருது கிடைக்கிறது, பணம் கொட்டுகிறது. பையனின் தங்கை உண்மையைத் தேடிக் கிளம்புகிறாள். இது நடக்கக்கூடியதா, எப்படி நிரூபிப்பது, சட்டம் என்ன செய்யும் என்று மூன்று கேள்வி. கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்று: ‘என் பிரதியை ஒரு மூத்த எழுத்தாளருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாமா? பயமாக இருக்கிறது.’ உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் மற்ற மூன்றுக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதால் கலந்தே சொல்கிறேன்.

நான் சென்னையில் பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். எழுத்தாளர் பக்கமும் நின்றிருக்கிறேன், பதிப்பாளர் பக்கமும் நின்றிருக்கிறேன். மொழியியலும் தடயவியலும் என் துறை இல்லை. அவற்றில் நிபுணர்கள் கூண்டில் ஏறிச் சொல்வதைக் கேட்டும் குறுக்கு விசாரணை செய்தும் தெரிந்துகொண்டதுதான் என் சரக்கு. அந்த இடங்களில் நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்கள் முன்வரைவில் தங்கை கண்டுபிடிக்கும் பெரிய தடயம், ‘இரண்டு நாவலுக்கும் கதை ஒன்றுதான்’ என்பது. நீதிமன்றத்தில் அது நிற்காது. கருவுக்கும் கதைக்கட்டுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. ஆர்.ஜி.ஆனந்த் வழக்கு என்று சொன்னால் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனந்த் டெல்லியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர், நாடகமும் எழுதுவார். ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்று ஒரு நாடகம் எழுதி 1954-இல் மேடையேற்றினார். ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், பிள்ளைகளுக்குள் காதல், பெற்றோரின் பிரதேச வெறி என்று போகும் கதை. அதைக் கேள்விப்பட்ட படத் தயாரிப்பாளர் ஒருவர் கடிதம் எழுதி, பிறகு டெல்லிக்கே வந்து, ஆனந்த் முழு நாடகத்தையும் சொல்லக் கேட்டுவிட்டுப் போனார். 1956-இல் ‘நியூ டெல்லி’ என்ற படம் வந்தது. அதிலும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு தமிழ்க் குடும்பம், காதல். ஆனந்த் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் மூன்றிலும் தோற்றார்.

தீர்ப்பு சொன்னது இதுதான்: பாதுகாக்கப்படுவது சொன்ன விதமும் அடுக்கிய முறையும்தான். இரண்டையும் பார்த்த சாதாரண வாசகனுக்கோ பார்வையாளனுக்கோ ‘இது அதன் நகல்’ என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தோன்ற வேண்டும். படத்தில் வீடு வாடகைக்குக் கிடைக்காத பிரச்சினை, வரதட்சணைக் கொடுமை என்று நாடகத்தில் இல்லாதவை நிறைய இருந்தன. ஆகவே மீறல் இல்லை. ஆனால் உங்களைப் போன்ற கதாசிரியர் படிக்க வேண்டியது நீதிபதி பாதக் தனியாக எழுதிய சில பத்திகளை. படம் எடுத்தவர்களுக்கு நாடகத்தின் கதை தெரிந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை என்கிறார். அடுத்தவர் உழைப்பைப் பயன்படுத்த நினைக்கும் ஒருவர், தன் படைப்பைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டு தப்பிவிட முடியும் என்றும் சொல்கிறார். அதாவது, கெட்டிக்காரத் திருடனுக்கு வழி எங்கே திறந்திருக்கிறது என்று தீர்ப்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது. உங்கள் வில்லன் கெட்டிக்காரன் என்றால் நாவலை முழுதாகத் திருட மாட்டான், கதையை எடுத்துக்கொண்டு தன் வாக்கியத்தில் திருப்பி எழுதுவான். அப்படிச் செய்தால் தங்கையால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அவனால் அப்படிச் செய்ய முடியாமல் போவதற்கு நீங்கள் ஒரு காரணம் வைத்தாக வேண்டும். எனக்குத் தோன்றும் காரணம், அந்த வாக்கியங்கள் அவனால் எழுத முடியாதவை என்பது. பதினைந்து வருடமாக எடுபடாதவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

வாக்கியங்களைத் திருடியவர்கள் மாட்டிக்கொள்வது சட்டத்தால் இல்லை, வாசகர்களால். இதற்கு நல்ல உதாரணம் உங்கள் வகைமையிலேயே இருக்கிறது. 2011 நவம்பரில் அமெரிக்காவில் ‘அசாசின் ஆஃப் சீக்ரெட்ஸ்’ என்ற உளவு த்ரில்லர் வந்தது. எழுதியவர் க்வென்டின் ரோவன், புரூக்ளினில் புத்தகக் கடை நடத்தியவர். புனைபெயரில் அவருடைய முதல் நாவல். வந்த சில நாட்களிலேயே, ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில் யாரோ ஒருவர், ‘இந்தப் பத்தியை ஜான் கார்ட்னர் எழுதிய பாண்ட் நாவலில் படித்த ஞாபகம்’ என்றார். தோண்டினால் ராபர்ட் லட்லம், சார்லஸ் மெக்கேரி என்று வரிசையாக வந்தது. ஏறக்குறைய மொத்தப் புத்தகமும் மற்றவர்களின் பத்திகளை ஒட்டுப்போட்டுச் செய்தது. பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புத்தகத்தைப் புகழ்ந்து அட்டைக்கு வாசகம் கொடுத்திருந்த ஜெரமி டன்ஸ் என்ற நாவலாசிரியர்தான் பிறகு திருட்டை ஊரறியச் சொன்னவர்களில் முக்கியமானவர். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பதிப்பாசிரியர் படித்திருக்கிறார், எழுத்தாளரின் முகவர் படித்திருக்கிறார், விமர்சகர்கள் பாராட்டியிருக்கிறார்கள். கண்டுபிடித்தது பழைய புத்தகங்களை மனப்பாடமாக வைத்திருந்த ரசிகன். ஆனால் ரோவன் திருடியது அச்சில் வந்த புத்தகங்களிலிருந்து. உங்கள் பையனின் நாவலை வில்லனைத் தவிர யாருமே படித்ததில்லை. அதனால்தான் உங்கள் கதை கஷ்டமானது, அதனால்தான் நல்ல கதையும்கூட.

அச்சில் வராத பிரதி என்றால், ‘அது உன் கைக்கு வந்தது’ என்று நிரூபிப்பதுதான் முதல் படி. இதில் சறுக்கிய மிகச் சோகமான வழக்கு கனடாவில் நடந்தது. டொரான்டோவைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் டீக்ஸ் என்ற பெண்மணி, பெண்களின் பங்கை முன்வைத்து ஒரு உலக வரலாறு எழுதி, 1918-இல் மாக்மில்லன் நிறுவனத்தின் டொரான்டோ அலுவலகத்தில் கொடுத்தார். பல மாதம் கழித்து, 1919-இல், வேண்டாம் என்று திரும்பி வந்தது. பக்கங்கள் அழுக்கேறி, நன்றாகப் புரட்டப்பட்ட நிலையில் இருந்ததாக அவர் சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸின் உலக வரலாறு பகுதி பகுதியாக வரத் தொடங்கியது. டீக்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார், 1925-இல் ஐந்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வந்து, பொதுவான அமைப்பையும் பொதுவான தவறுகளையும் விடுபடல்களையும் எடுத்துக்காட்டிச் சாட்சி சொன்னார். நீதிபதி அதைச் சற்றும் மதிக்கவில்லை. பிரதி டொரான்டோவை விட்டு இங்கிலாந்துக்கு, வெல்ஸின் மேசைக்குப் போனது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நின்றது வழக்கு. ஆதாரம் இல்லை. 1932-இல், கனடா வழக்குகளுக்கு அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார், அங்கே வழக்கறிஞர் இல்லாமல் அவரே வாதாடினார். வெல்ஸ் திருடினாரா? ஆவணங்களை வைத்துப் பார்த்தால் நிரூபிக்கப்படவில்லை என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். பின்னாளில் இதை ஆராய்ந்து புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியர் மெக்கில்லப் டீக்ஸின் பக்கம் சாய்கிறார்.

இதை உங்கள் கதையோடு வைத்துப் பாருங்கள். டீக்ஸுக்குக் கிடைக்காத சங்கிலி உங்கள் தங்கைக்குக் கிடைத்துவிட்டது. வில்லன் எழுதிய கருத்துக் குறிப்பு! நாவலை ஏன் நிராகரிக்கிறேன் என்று பதிப்பகத்துக்கு ஒரு பக்கம் எழுதிக்கொடுத்திருப்பாரே. அதில் கதைச் சுருக்கம் இருக்கும், பாத்திரங்களின் பெயர் இருக்கும், தேதியும் கையெழுத்தும் இருக்கும். அவர் கூலியாக வாங்கிய சில நூறு ரூபாய்க்கு வவுச்சர்கூட இருக்கும். பதிப்பக அலுவலகங்களில் இந்தக் காகிதங்கள் பரணில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். யாரும் தேட மாட்டார்கள், யாரும் எறியவும் மாட்டார்கள். உங்கள் முன்வரைவில் இந்தக் குறிப்பை நீங்கள் ஒரு இடத்தில்கூடப் பயன்படுத்தவில்லை. கதையின் முதல் பாதி முழுக்க வில்லன் அந்த ஒரு தாளைத் தேடி அலைவதாகவே வைக்கலாம்.

இரண்டாவது தடயம் வரைவுகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கதைக்கு மிக நெருக்கமான நிஜக் கதை இங்கேதான் இருக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் ஷோலகவ் 1905-இல் பிறந்தவர். டான் நதிக்கரையில் வாழ்ந்த கோசாக்குகள் என்ற போர்மரபுச் சமூகத்தைப் பற்றிய அவருடைய பெருநாவலின் முதல் பகுதிகள் 1928-இல் ‘அக்தியாபர்’ இதழில் வந்தபோது வயது இருபத்திரண்டு. முறையான படிப்பு குறைவு, உலகப் போரில் சண்டையிட்ட அனுபவம் கிடையாது. இந்த வயதில் இப்படி ஒரு நாவலா என்று மாஸ்கோ இலக்கிய வட்டாரத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. புரட்சியை எதிர்த்துப் போரிட்ட வெண்படையில் இருந்து செத்துப்போன அதிகாரி ஒருவனின் பைக்குள் கிடைத்த பிரதி அது என்று வதந்தி பரவியது. ஷோலகவ் தன் கையெழுத்துத் தாள்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து ஒரு குழுவிடம் காட்டினார். 1929 மார்ச்சில், செரபிமோவிச், ஃபதயேவ் உள்ளிட்ட எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட கடிதம் கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழான பிராவ்தாவில் வந்தது. திருட்டு என்பது அவதூறு, பரப்புகிறவர்கள் மீது நடவடிக்கை வரும் என்றது கடிதம். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்?

ஆனால் சந்தேகம் சாகவில்லை. 1965-இல் நோபல் பரிசு வந்த பிறகும் சாகவில்லை. 1974-இல் பாரிஸில், பெயர் மறைத்த ஒரு ஆய்வாளரின் நூல், சோவியத் அரசை எதிர்த்த எழுத்தாளர் சொல்ஷெனித்சினின் முன்னுரையோடு வந்தது. உண்மையான ஆசிரியர் ஃபியோதர் க்ருகோவ் என்ற கோசாக் எழுத்தாளர் என்றது அது. க்ருகோவ் 1920-இல், வெண்படை பின்வாங்கும்போது டைஃபஸ் காய்ச்சலில் இறந்தவர். இதற்குப் பதிலாக ஆஸ்லோவைச் சேர்ந்த கெயிர் ஹெத்ஸோவும் உடன் ஆய்வாளர்களும் கணினியில் வாக்கிய நீளம், சொற்களின் விநியோகம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, 1984-இல் முடிவை வெளியிட்டார்கள். எழுத்து ஷோலகவுடையதோடுதான் ஒத்துப்போகிறது, க்ருகோவுடையதோடு இல்லை. அப்போதும் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியைக் கேட்டது: சரி, வரைவுகள் எங்கே?

வரைவுகள் இருந்தன. ஷோலகவ் அவற்றை மாஸ்கோவில் வசீலி குதஷேவ் என்ற நண்பரிடம் கொடுத்து வைத்திருந்தார். குதஷேவ் போருக்குப் போனார், திரும்பவில்லை. அவருடைய மனைவி அந்தக் கட்டை யாரிடமும் கொடுக்காமல் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார். ஷோலகவ் 1984-இல் இறந்தார், தாள்கள் வெளியே வராமலே. 1999-இல்தான் மாஸ்கோவின் உலக இலக்கிய நிறுவனம் அவற்றை விலைக்கு வாங்கியது. மொத்தம் 885 பக்கம், அதில் 605 ஷோலகவின் சொந்தக் கையெழுத்து, மீதி மனைவியும் மனைவி வீட்டாரும் படியெடுத்தவை. அடித்தல், திருத்தல், பாத்திரத்தின் பெயரை மாற்றியது, ஒரு காட்சியை வேறு இடத்திலிருந்து தொடங்கிப் பார்த்தது எல்லாம் அதில் இருந்தன. இன்றும் சிலர் ஏற்பதில்லை, படியெடுக்கும்போதும் திருத்தலாமே என்கிறார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் ஷோலகவ் பக்கம், நானும் அந்தப் பக்கம்தான். வழக்கறிஞன் பார்வையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: நிரபராதி ஒருவர், தன்னை விடுவிக்கும் சாட்சியம் ஒரு நண்பர் வீட்டில் இருக்க, அது கைக்கு வராமலே வாழ்நாளைக் கழித்திருக்கிறார். உங்கள் த்ரில்லரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இப்படி இருக்கும்.

உங்கள் வில்லனிடம் இருப்பது பையன் அனுப்பிய சுத்தப் பிரதி ஒன்று மட்டும். வரைவு ஒன்றுகூட அவனிடம் கிடையாது. யாராவது கேட்டால்? அவன் வரைவுகளைச் செய்தாக வேண்டும். முடிந்துபோன ஒரு நல்ல வாக்கியத்திலிருந்து பின்னோக்கி நடந்து, அதன் மோசமான முந்தைய வடிவத்தைக் கற்பனை செய்து, எழுதி, அடித்து, மேலே சரியானதை எழுத வேண்டும். அடுத்தவன் தடுமாறியிருக்கக்கூடிய தடுமாற்றங்களை இவன் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தாளனுக்கு இதைவிடக் கேவலமான வேலை இருக்க முடியாது, இதைவிட நல்ல பயிற்சியும் இருக்க முடியாது. இரண்டு வருடம் இதைச் செய்தால் அவனுக்கு எழுதவே வந்துவிடுமோ என்னவோ! (இதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், கருவுக்குத்தான் பதிப்புரிமை இல்லையே.)

கணினியில் எழுதிய பிரதி என்றால் வேறு சிக்கல். வேர்ட் கோப்பில் உருவாக்கிய தேதி, கடைசியாகத் திருத்திய தேதி, மொத்தம் எத்தனை நிமிடம் திறந்து வேலை செய்யப்பட்டது என்பதெல்லாம் பதிவாகும். நானூறு பக்க நாவலின் ‘திருத்திய நேரம்’ பதினைந்து நிமிடம் என்று காட்டினால், வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியது என்று சந்தேகிக்கலாம். ஆனால் சந்தேகிக்கத்தான் முடியும். இந்த விவரங்களை மாற்றுவது கடினமில்லை, கோப்பை வேறு பெயரில் சேமித்தாலே எண்கள் புதிதாகத் தொடங்கக்கூடும். மின்னஞ்சல் இன்னும் வலுவானது, ஏனென்றால் அனுப்பியவரிடம் ஒன்று, பெற்றவரிடம் ஒன்று, நடுவில் சேவை நிறுவனத்திடம் ஒன்று என்று தடம் மூன்று இடத்தில் இருக்கிறது. மின்னணு ஆவணத்தின் நகலை நீதிமன்றத்தில் வைத்தால் பொதுவாக அதற்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு. தங்கை அண்ணனின் போனைத் தூக்கிக்கொண்டு நேராக நீதிபதி முன் போய் நிற்கும் காட்சியை எடுத்துவிடுங்கள்.

நடையை வைத்துக் கணினி கண்டுபிடிக்கும் காட்சியும் வைத்திருக்கிறீர்கள். 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் எழுதியது ஜே.கே.ரோலிங் என்று தெரியவந்தது நினைவிருக்கும். பேட்ரிக் ஜூவோலா என்ற ஆய்வாளர் சொல் நீளம், அடிக்கடி வரும் சொற்கள் போன்றவற்றை ஒப்பிட்டுச் சொன்னார் என்று செய்தி வந்தது. அதற்கு முன் நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. ரோலிங்கின் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒருவர் தன் மனைவியின் தோழியிடம் உளறியிருந்தார், அங்கிருந்து ஒரு பத்திரிகையாளருக்குத் தகவல் போனது, அதன் பிறகுதான் கணினி. யார் என்று சந்தேகப் பட்டியல் கையில் இருந்தால் கணினி உதவும், ஊரில் இருப்பவர்களில் யார் என்று கேட்டால் உதவாது. தமிழில் இன்னும் கஷ்டம் என்று இந்தத் துறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டு சொல் நீள்வதால், சொற்களை எண்ணுவதற்கு முன்பே பிரிக்க வேண்டியிருக்கிறது. மனிதக் காதை நம்புங்கள். பையன் தென்காசிப் பக்கம் என்கிறீர்கள். வில்லன் சென்னையிலேயே வளர்ந்தவர் என்றால், உரையாடலில் உள்ள வட்டார வழக்கை விட்டுவிடுங்கள், அதை யாரும் கேட்டு எழுதலாம். கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் தெரியாமல் நுழைந்திருக்கும் அந்தப் பக்கத்துச் சொல்தான் காட்டிக்கொடுக்கும். அதைவிட வலுவானது தவறு. பையன் ஊரில் இல்லாத ஒரு பஸ் நிறுத்தத்தைத் தவறாக எழுதியிருந்து, அது அச்சிலும் அப்படியே வந்திருந்தால், குறுக்கு விசாரணையில் அதற்கு விளக்கம் சொல்வது ரொம்ப சிரமம். இரண்டு பேர் ஒரே உண்மையைத் தனித்தனியாக எழுதலாம், ஒரே தப்பைத் தனித்தனியாகச் செய்வது அரிது.

பணம் கொட்டுகிறது என்ற இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ் நாவலின் முதல் அச்சு இப்போது பெரும்பாலும் சில நூறு பிரதிகள். ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், அதுவும் கொடுத்தால். முந்நூறு ரூபாய்ப் புத்தகம் ஐந்நூறு பிரதி விற்றால் பதினைந்தாயிரம் ரூபாய். சாகித்ய அகாதமி விருதுத் தொகையே ஒரு லட்சம்தான். இதற்காக யாரும் கொலை வரைக்கும் போக மாட்டார்கள். மேடை, மாலை, பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி, தன்னை ஒதுக்கியவர்கள் எழுந்து நின்று கும்பிடுவது, இவற்றுக்காகப் போவார்கள். பிலிப்போ பெர்னார்தினி என்ற இத்தாலிய இளைஞரைப் பாருங்கள். லண்டனில் ஒரு பெரிய பதிப்பகத்தின் உரிமைப் பிரிவில் சாதாரண வேலை. 2016 முதல் ஐந்து வருடம், பதிப்பாசிரியர்கள், முகவர்கள் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, வெளிவராத ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை வாங்கிச் சேர்த்தார். நூற்றறுபதுக்கும் மேற்பட்ட போலி இணைய முகவரிகள் வைத்திருந்தார். ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் நெருக்கிப் போட்டால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், அதுதான் தந்திரம். 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் கைதானார், அடுத்த வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறையில் கழித்த நாட்களையே தண்டனையாகக் கொண்டு, 88,000 டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது நீதிமன்றம். ஒரு பிரதியையும் அவர் விற்கவில்லை, தன் பெயரில் வெளியிடவுமில்லை. பதிப்புலகத்து ஆட்களில் ஒருவனாகத் தன்னை உணர வேண்டும், மற்றவர்களுக்கு முன் தான் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்று நீதிபதிக்கு எழுதினார். உங்கள் வில்லனுக்கு வேண்டிய மனசு இதுதான். பணம் கட்டாயம் வேண்டுமென்றால் நாவலின் சினிமா உரிமையை விற்க வையுங்கள், அதில் மட்டும் நம்பும்படியான தொகை இருக்கிறது.

சரி, சட்டம் என்ன செய்யும்? தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் நினைத்தால் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். ஏட்டில் இருப்பது இது. நடைமுறையில், நாவல் திருட்டு என்று காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் கிடைப்பது ஆச்சரியம்தான், எஃப்.ஐ.ஆர். பிறகுதான், அதுவும் பலமுறை நடந்த பிறகு.

இப்போது உங்கள் சொந்தப் பிரதி. தாராளமாக அனுப்புங்கள். அறியாத எழுத்தாளரின் முழு நாவலை அப்படியே திருடுவது அபூர்வம். நான் பார்ப்பவற்றில் அதிகம் வேறு வகை: மொழிபெயர்ப்பாளர் பெயர் காணாமல் போவது, வேறொருவருக்காக எழுதிக்கொடுத்தவருக்குப் பணம் வராதது, கட்டுரையைப் பெயர் நீக்கிச் சுற்றவிடுவது. அனுப்பும்போது உங்கள் மின்னஞ்சலிலிருந்தே, பெயரும் தேதியும் போட்ட பி.டி.எஃப் ஆக அனுப்புங்கள். ஒரு வரியாவது பதில் வாங்குங்கள். வரைவுகளை அழிக்காதீர்கள். பதிப்புரிமை எழுதிய உடனே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழி விண்ணப்பித்து ஐந்நூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்துவைத்தால், எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்காத வரை அது சான்றாக நிற்கும். தனக்குத் தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைக்கும் பழக்கம் உதவி இயக்குநர்களிடம் இன்னும் இருக்கிறது. உறையின் தேதியைத்தான் அது காட்டும், உள்ளே இருந்தது என்ன என்று சண்டை போட நிறைய இடம் இருக்கிறது.

கடைசியாக, கதையில் ஒரு சட்டப் பிழை. வழக்குப் போடுவது தங்கை என்று எழுதியிருக்கிறீர்கள். பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, உயில் இல்லை, இந்துக் குடும்பம் என்றால், வாரிசுரிமைச் சட்டப்படி அவன் சொத்து அம்மாவுக்குப் போகிறது. அப்பாவுக்கும் தங்கைக்கும் அதன் பிறகுதான். நாவலும் சொத்துதான், ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக வெளிவரும் படைப்பு என்றால் முறைப்படி வெளியானதிலிருந்து அறுபது வருடம் வரை. எனவே உரிமையாளர் அந்த அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள்! அவர் தென்காசியில் இருந்துகொண்டே, அந்த மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வில்லன் பக்கம் வழக்கறிஞர் ஒருவர் இருந்தால் முதலில் செய்யச் சொல்வது, அந்த அம்மாவிடம் போய், ‘உங்கள் மகன் ஞாபகமாக’ என்று ஏதாவது தொகை கொடுத்து, உரிமை மாற்றிக்கொடுத்ததாக ஒரு பத்திரத்தில் கைநாட்டு வாங்குவதுதான். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி ஐந்து வருடம்தான் செல்லும், இதைத் தங்கை கண்டுபிடிக்கலாம். சரியாக எழுதி வாங்கியிருந்தால்கூட ஒன்றை வாங்க முடியாது. ‘இதை எழுதியவன் என் மகன்’ என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி விற்ற பிறகும் போகாது. ஆனால் இறந்தவர் சார்பில் வாரிசுகள் அதைக் கோர முடியும் என்பது 2012 திருத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் அந்த ஒன்றை மட்டும் வாரிசுகளுக்குக் கொடுக்காமல் சட்டம் விலக்கி வைத்திருந்தது. கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. 2010 என்றால் அந்த அம்மாவால் பணம் கேட்டு வழக்குப் போட முடியும், மகன் பெயரை அட்டையில் போடச் சொல்லி இந்தப் பிரிவின் கீழ் கேட்க முடியாது. 2013 என்றால் இரண்டையும் கேட்கலாம். வருடத்தை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள், நீதிமன்றக் காட்சிகளைப் பிறகு பார்த்துச் சொல்கிறேன்.